கொக்கு ஏன் ஓடுகிறது? வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கடற்கரையில் பார்த்த பறவையைப் பற்றி எழுதுங்கள் என்று போன மாதம் கேட்டிருந்தேன். மீன்கொத்தி வரும், கழுகு வரும் என்று நினைத்தேன். வந்ததில் பாதிக்கு மேல் கொக்குதான். சரி, இந்த மாதம் முழுக்கக் கொக்கு.

கேள்வி: அக்கா, வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை மீன் வாங்க பினாங்கில் தெலுக் ஆயர் தாவார் பக்கம் போயிருந்தோம். தண்ணீர் வற்றிக் கிடந்த சேற்றில் பத்துப் பதினைந்து வெள்ளைக் கொக்குகள். அதில் ஒன்று மட்டும் நிற்கவே இல்லை. ஓடுகிறது, சட்டென்று திரும்புகிறது, சிறகைப் பாதி விரித்துக்கொண்டு குடித்தவர் மாதிரி தள்ளாடுகிறது, திடீரென்று ஒரே குத்து. என் மகனுக்கு ஒன்பது வயது. "உறுமீன் வரும் வரைக்கும் கொக்கு வாடி நிற்கும் என்றுதானே பள்ளியில் சொன்னார்கள், இது ஏன் ஓடுகிறது?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. கைப்பேசியில் எடுத்த படம் அனுப்பியிருக்கிறேன், தெளிவாக இல்லை. அலகின் அடியில் மஞ்சள் தெரிந்தது. கால் பச்சை என்கிறேன் நான், கறுப்பு என்கிறார் என் கணவர்.
– ஆசிரியை, பட்டர்வொர்த்

பதில்: முதலில் மகனுக்கு ஒரு சபாஷ். படித்ததையும் பார்த்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவனுக்குத் தோன்றியிருக்கிறதே. நிற்கிற கொக்கும் உண்டு, ஓடுகிற கொக்கும் உண்டு, தம்பி. பாட்டில் வருவது குளத்தங்கரைக் கொக்கு, அதற்கு அவசரமே கிடையாது. நீ பார்த்தது கடலை நம்பிப் பிழைக்கிற ஆள். தண்ணீர் திரும்பி வருவதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும், இறாலும் சின்ன மீனும் ஓர் இடத்தில் நிற்காது, பின்னே ஓடாமல் என்ன செய்யும்?

அம்மா, உங்கள் படத்தை ஐந்தாறு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு புள்ளி, பக்கத்தில் இன்னொரு வெள்ளைப் புள்ளி. ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற மூன்று வரி படத்தைவிட நன்றாக உதவியது. ஓட்டம், பாதி விரித்த சிறகு, அலகின் அடியில் மஞ்சள். மூன்றும் சேர்ந்தால் அது சீனக் கொக்காக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. காலும் பச்சைதான் என்றால் இந்தச் சண்டையில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

சீனக் கொக்கு லேசுப்பட்ட விருந்தாளி இல்லை. கொரியா, சீனா, ரஷ்யாவின் கிழக்குக் கோடி, அந்தப் பக்கத்துக் குட்டித் தீவுகளில்தான் கூடு கட்டும். குளிர் வந்ததும் தெற்கே இறங்கி பிலிப்பைன்ஸ், வியட்நாம், போர்னியோ, நம் மலாயாத் தீபகற்பம் என்று கடலோரமாகவே தங்கும். வயலுக்கும் குளத்துக்கும் அவ்வளவாக வராது, சேறும் உப்புத் தண்ணீரும்தான் அதற்குப் பிடித்தது. உலக அளவில் அழியும் அபாயத்தில் இருக்கிற பறவைகளின் பட்டியலில் இதற்கும் ஓர் இடம் உண்டு. 1860-இல் சீனாவில் தூதரக வேலையில் இருந்த ராபர்ட் ஸ்வின்ஹோ என்ற ஆங்கிலேயர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அந்தப் பெயரின் பின்பாதிக்கு 'நல்ல கொண்டை உள்ளது' என்று அர்த்தம். அந்தக் கொண்டையாலும் முதுகில் வளரும் பஞ்சு மாதிரியான இறகாலும்தான் அது கெட்டது. 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் தொப்பியில் கொக்கு இறகு செருகுவது பெரிய நாகரிகம். அந்த இறகு முளைப்பது கூடு கட்டும் காலத்தில், அதனால் கூட்டுக்கே போய்ச் சுட்டார்கள். தாய் போனால் குஞ்சு மட்டும் எப்படிப் பிழைக்கும்? 1889-இல் இங்கிலாந்தில் சில பெண்களே 'இறகுத் தொப்பி போடமாட்டோம்' என்று சங்கம் ஆரம்பித்தார்கள். இறகு இறக்குமதிக்கு அங்கே தடைச் சட்டம் வர 1921 ஆகிவிட்டது. சீனக் கொக்கு அந்த அடியிலிருந்து இன்னும் முழுசாக எழவில்லை.

சரி, அடையாளத்துக்கு வருவோம். சேற்றில் நிற்கும் வெள்ளைக் கொக்குகளைப் பார்க்கும்போது எல்லோரும் முதலில் உயரத்தைத்தான் பார்ப்பார்கள். எட்டத்தில் தனியாக நிற்கிற பறவையின் உயரத்தை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. காலைப் பாருங்கள், பிறகு அலகைப் பாருங்கள், அதற்கப்புறம் அது என்ன செய்கிறது என்று ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள்.

நம் கரையில் மிக அதிகமாகப் பார்ப்பது சின்னக் கொக்கு. அலகு முழுக்கக் கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் நல்ல மஞ்சள். கறுப்புக் காலுறையோடு மஞ்சள் செருப்பு போட்ட மாதிரி இருக்கும். ஒரு காலைத் தண்ணீருக்குள் விட்டு நடுக்கிக்கொண்டே இருக்கும், கலங்கி வெளியே வருகிற பூச்சியையும் மீன் குஞ்சையும் கொத்தும். சீனக் கொக்குக்கு, இங்கே தங்குகிற மாதங்களில், அலகின் மேல்பாதி கறுப்பு, கீழலகின் அடிப்பக்கம் மஞ்சள். கால் மங்கலான பச்சை மஞ்சள், பாதமும் கிட்டத்தட்ட அதே நிறம்தான், அதனால் அந்தச் செருப்பு தனியாகத் தெரியாது. பங்குனி சித்திரையில் ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் பார்த்தால் ஆளே மாறிவிடும். அலகு முழுக்க மஞ்சள், கண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் நீலம், கால் கறுத்துப் பாதம் மஞ்சளாகி, பின்தலையில் கலைந்த கொண்டை. அந்த நிறத்தில் ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

இதில் இரண்டு குழி இருக்கிறது, இரண்டிலும் நான் விழுந்திருக்கிறேன். சின்னக் கொக்கின் குஞ்சுப் பருவத்தில் காலில் பச்சை ஓடும். குளிர்காலத்தில் சில சின்னக் கொக்குகளின் கீழலகு அடியிலும் வெளிறிப்போயிருக்கும். ஆக, கால் பச்சை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. இரண்டாவது குழி, சேறு. சில வருடங்களுக்கு முன் பெனாகா பக்கம் ஒரு கொக்கைப் பார்த்துவிட்டு, கால் பச்சை, பாதம் பச்சை, சீனக் கொக்கேதான் என்று புலன (வாட்ஸ்அப்) குழுவில் படத்தோடு போட்டுவிட்டேன். வாழ்த்து மேல் வாழ்த்து. பத்து நிமிடம் கழித்து அது நடந்து நடந்து ஓர் ஓடைக்குள் இறங்கியது. மறுபக்கம் ஏறும்போது பார்த்தால் பளிச்சென்று மஞ்சள் பாதம்! அதுவரை நான் பார்த்தது காய்ந்த சேற்றின் நிறத்தை. குழுவில் திருத்தம் போட்டதற்கு ஒரு வாழ்த்தும் வரவில்லை. அதற்கப்புறம் பறவை தண்ணீரில் கால் நனைக்கிற வரைக்கும் நான் வாயைத் திறப்பதில்லை.

நீங்கள் போன இடமும் சாதாரண இடம் இல்லை. தெலுக் ஆயர் தாவாரிலிருந்து குவாலா மூடா வரைக்கும் உள்ள கரையைப் பறவைகளுக்கு முக்கியமான இடம் என்று உலக அளவில் குறித்து வைத்திருக்கிறார்கள். ரஷ்யாவிலிருந்து ஆஸ்திரேலியா வரைக்கும் போகிற பறவைகள் இறங்கிச் சாப்பிட்டுப் போகிற வழியில் அது ஒரு சாப்பாட்டுக் கடை. நமக்குக் கண்ணில் படுவது வெறும் சேறு.

கேள்வி: பத்து ஃபெரிங்கிப் பாறை மேல் கறுப்பும் இல்லாமல் சாம்பலும் இல்லாமல் ஒரு கொக்கு உட்கார்ந்திருந்தது. அலை வந்து அடிக்கிறது, அது அசையவில்லை. "வெள்ளைக் கொக்கின் குஞ்சு, வளர்ந்தால் வெளுத்துவிடும்" என்கிறார் மாமா. உண்மையா?
– கல்லூரி மாணவர், தஞ்சோங் தோக்கோங்

பதில்: மாமாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள், எவ்வளவு வளர்ந்தாலும் அது வெளுக்காது. கரைக்கொக்கு அது. பசிபிக் பக்கத்துக் கரைக்கொக்கில் இரண்டு நிறம் உண்டு, ஒன்று கரும்பலகை மாதிரி சாம்பல், இன்னொன்று முழு வெள்ளை. ஒரே இனம்தான், ஒரு வீட்டில் அண்ணன் கறுப்பும் தம்பி சிவப்புமாகப் பிறப்பதில்லையா, அந்த மாதிரி. நம் பக்கம் பார்க்கிறது பெரும்பாலும் சாம்பல் நிறம்தான். ஆகவே சாம்பல் கொக்கு, கடல் பாறை என்றால் அதிகம் யோசிக்க வேண்டாம்.

வெள்ளையில் ஒன்று வந்து நின்றால்தான் வில்லங்கம், அப்போது அது சீனக் கொக்கு மாதிரியே தெரியும். இரண்டுக்கும் கால் பச்சை மஞ்சள். கரைக்கொக்கின் கால் குட்டை, தடிப்பு. அலகும் அதேபோல் தடிப்பு, நுனி அவ்வளவு கூர்மை இல்லை. பறக்கும்போது சின்னக் கொக்குக்கும் சீனக் கொக்குக்கும் கால் வாலைத் தாண்டி நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும், கரைக்கொக்குக்குப் பாதம் மட்டும்தான் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். உட்கார்ந்திருக்கிற விதமும் வேறு. சீனக் கொக்கு நிமிர்ந்து ஓடும். கரைக்கொக்கு மழைக்கு ஒதுங்கின தாத்தா மாதிரி கூனிக்கொண்டு பாறையோடு பாறையாகப் பதுங்கும், அலை பின்வாங்குகிற அந்த ஒரு நொடியில் கழுத்து மட்டும் நீண்டு பாறை இடுக்கில் எதையோ எடுத்துவிட்டு மறுபடி கூனிவிடும். ஒருநாள் தெலுக் பஹாங்கில் நாற்பது நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன், அந்த நேரத்தில் அது எடுத்தது நான்கே நான்கு. ஒவ்வொரு தடவையும் அலை திரும்பின பிறகுதான் கழுத்து நீண்டது.

கேள்வி: நான் இருப்பது செத்தாபாக். மாலையில் வீட்டுக்கு மேலே பெரிய பெரிய வெள்ளைப் பறவைகள் வட்டமடிக்கின்றன. கழுத்தை நீட்டிக்கொண்டு பறக்கின்றன. கோலாலம்பூர் நடுவில் இவ்வளவு பெரிய கொக்கா?
– குடும்பத்தலைவி, கோலாலம்பூர்

பதில்: நீங்களே பாதி பதிலை எழுதிவிட்டீர்கள். கொக்கு பறக்கும்போது கழுத்தை மடித்துத் தோளுக்குள் இழுத்துக்கொள்ளும். கழுத்தை நீட்டிக்கொண்டு பறப்பது நாரை. நீங்கள் சொல்கிற பகுதியிலிருந்து சிறகடிக்கிற தூரத்தில் தேசிய மிருகக்காட்சிசாலை இருக்கிறது. அங்கே மஞ்சள் மூக்கு நாரைகள் கூண்டில்லாமல் சுதந்திரமாகத் திரிகின்றன. வாலோரமாக இளஞ்சிவப்பு, நெஞ்சில் கறுப்புப் பட்டை, மூக்கு மஞ்சள். தமிழ்நாட்டில் வேடந்தாங்கலுக்கும் கூந்தன்குளத்துக்கும் கூட்டமாக வந்து கூடு கட்டுகிற அதே நாரைதான். சொந்தக்காரர்களைப் பார்க்க ஊருக்குப் போகும்போது அங்கே பார்த்திருப்பீர்கள்.

நம் சொந்த நாரை வேறு. நெஞ்சில் பட்டை இல்லாத, முகம் சிவந்த பால் நாரை. மலாயில் பூரோங் உப்பே என்பார்கள். பேராக்கில் கோல கூலா சதுப்பு நிலக் காட்டில்தான் அதைத் தேடிப்போக வேண்டும், அதுவும் இப்போது விரல் விட்டு எண்ணுகிற நிலை. மஞ்சள் மூக்கு நாரையோடு அது இணைசேர்ந்து கலப்பினமாகிவிடுகிறது என்பது இன்னொரு தலைவலி.

தமிழில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 'சாம்பல் நாரை' என்று நாம் சொல்கிற பறவை பெயரில்தான் நாரை, பிறப்பில் கொக்குக் குடும்பம். பறக்கும்போது கழுத்தை மடிக்கும். பெயரை நம்பாதீர்கள், கழுத்தை நம்புங்கள்.

கேள்வி: பாலிக் பூலாவ் வயலில் ஒரு கொக்குக் கூட்டம், நாலைந்துக்குத் தலை, கழுத்து, முதுகெல்லாம் மஞ்சள் பூசின மாதிரி. யாராவது மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டார்களா?
– வாசகர், ஜெலுத்தோங்

பதில்: ஊற்றவில்லை, வயசுக்கு வந்திருக்கிறது. உண்ணிக்கொக்கு. இனப்பெருக்கக் காலம் நெருங்கும்போது தலையிலும் நெஞ்சிலும் முதுகிலும் அந்த ஆரஞ்சு மஞ்சள் நிறம் ஏறும், மற்ற மாதங்களில் வெள்ளைதான். அப்போதும் குட்டைக் கழுத்தையும் குட்டை மஞ்சள் அலகையும் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். மாட்டுக்குப் பின்னாலும் உழவு இயந்திரத்துக்குப் பின்னாலும் நடந்து வெட்டுக்கிளி பொறுக்குகிற கொக்கு இதுதான். கடல் சேற்றில் இதைத் தேடாதீர்கள், அது கரைப்பக்கம் அதிகம் போகாது. வயலிலும் புல்வெளியிலும் உங்களோடு சேர்ந்து பழகின கொக்கு.

கேள்வி: நானும் என் நண்பரும் கொக்கு பார்க்க மூன்று சனிக்கிழமை தொடர்ந்து கடற்கரைக்குப் போனோம், ஒரு நாள் கண்ணுக்கெட்டாத தூரத்தில் புள்ளி புள்ளியாக, ஒரு நாள் ஒன்றுமே இல்லை, ஒரு நாள் தண்ணீர்தான் இருந்தது. பறவை பார்ப்பதெல்லாம் பணக்காரர் வேலை போலிருக்கிறது. பெரிய தொலைநோக்கி இல்லாமல் முடியாதா?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: குறை உங்கள் பையில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. நீங்கள் உங்களுக்கு விடுமுறை உள்ள நேரத்துக்குப் போயிருக்கிறீர்கள். கொக்குக்கு விடுமுறை கடல் கொடுக்கிறது.

நம் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறும், இரண்டு முறை வற்றும், ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். நன்றாக வற்றின நேரத்தில் போனால் சேறு வெகுதூரம் விரிந்து கிடக்கும், கொக்கெல்லாம் தண்ணீர் விளிம்பில், அதாவது உங்களுக்கு வெகுதூரத்தில் இருக்கும். முழுக்க ஏறின நேரத்தில் போனால் சேறே இருக்காது, பறவைகள் எங்கேயாவது காய்ந்த இடம் தேடி ஒதுங்கியிருக்கும். நடுவில், தண்ணீர் திரும்பி ஏற ஆரம்பித்து உச்சம் தொடுவதற்கு முன்னால் இரண்டு மூன்று மணி நேரம் இருக்கிறதே, அதுதான் நம் நேரம். கடல் முன்னே வர வர, கொக்கும் அதற்கு முன்னால் அடி அடியாகக் கரையை நோக்கி வரும். நீங்கள் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டாம், பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், கடலே கொண்டுவந்து கொடுக்கும்.

வீட்டில் தமிழ் நாட்காட்டி மாட்டியிருப்பீர்கள், அதையே பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டின இரண்டு மூன்று நாள் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. சேறு நன்றாக விரியும், ஏறும்போதும் வேகமாக ஏறும், கொக்கைக் கிட்டே தள்ளிக்கொண்டு வரும். அட்டமி நவமியில் நாம் நல்ல காரியம் செய்யமாட்டோம், கொக்கு பார்க்கவும் அது அவ்வளவு விசேஷமில்லாத நாள்தான். தண்ணீர் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். நேரத்தைத் துல்லியமாகப் பார்க்கக் கைப்பேசியிலேயே நீர் ஏற்ற இறக்கப் பட்டியல் கிடைக்கும், இல்லையென்றால் படகுத்துறையில் வலை உலர்த்துகிற அண்ணன் ஒருவரிடம் 'ஆயிர் பாசாங்', அதாவது நீர் ஏற்றம், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். கைப்பேசியைவிட நன்றாகச் சொல்வார், கூடவே ஒரு மணி நேரம் கதையும் சொல்வார்.

இன்னொன்று, வெயில். செபராங் பிறைக் கரை மேற்கே பார்த்த கரை. சாயங்காலம் போனால் சூரியன் நேராக உங்கள் கண்ணில், கொக்கெல்லாம் கறுப்பு நிழல். காலையில் போனால் வெயில் உங்கள் முதுகில், கொக்கின் மேல் வெளிச்சம், கால் நிறம் அப்போதுதான் தெரியும். ஆக, காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் தண்ணீர் உச்சம் தொடுகிற நாளாகப் பார்த்து, எட்டு மணிக்கே போய் உட்காருங்கள். ஐப்பசியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். வைகாசி ஆடியில் போய்விட்டு ஒன்றும் இல்லை என்று எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

கருவியைப் பற்றி. எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் உள்ள சாதாரண இருகண் நோக்கி போதும். பத்து, பன்னிரண்டு மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார், கை நடுங்கினால் அவ்வளவும் வீண். ஒன்றும் இல்லாவிட்டாலும் கவலை இல்லை, ஓட்டத்தைப் பார்க்கக் கண் போதும்.

சேற்றில் மட்டும் இறங்காதீர்கள். முதல் தடவை நான் 'இன்னும் பத்தே அடி' என்று இறங்கினேன். நாலாவது அடியில் முழங்கால் வரைக்கும் போய்விட்டது. செருப்பு ஒன்று இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. கிராங் சிப்பி பொறுக்குகிறவர்கள் நடக்கிறார்களே என்று நினைக்கக்கூடாது, அவர்களுக்கு அந்தச் சேற்றில் கெட்டியான வழி எது என்று தெரியும். அதோடு தண்ணீர் ஏறுகிற நேரம் என்பதையும் மறக்காதீர்கள்.

கேள்வி: படம் எடுக்கக் கொஞ்சம் கிட்டே போனாலே பறந்துவிடுகிறது. எவ்வளவு தூரம் வரை போகலாம்?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: அடிக் கணக்கில் சொல்ல முடியாது, கொக்கே சொல்லும். மேய்ந்துகொண்டிருந்த கொக்கு தலையைத் தூக்கிக் கழுத்தை நேராக நிமிர்த்தி உங்களைப் பார்க்கிறதா? அங்கேயே நில்லுங்கள். மறுபடி குனிந்து மேய்ந்தால் நீங்கள் நிற்கிற இடம் அதற்குச் சம்மதம். கழுத்தை இறக்காமல் நாலு அடி விலகி நடந்தால் நீங்கள் ஏற்கெனவே கிட்டே போய்விட்டீர்கள், பின்னால் வாருங்கள். தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிற கதையெல்லாம் இங்கே நடக்காது.

காரிலிருந்து இறங்காமல் கண்ணாடியை இறக்கி எடுத்தால் பாதி பிரச்சினை தீர்ந்துவிடும். காரைக் கண்டு அது அவ்வளவாகப் பயப்படுவதில்லை, இரண்டு காலில் நடந்து வருகிறவரைக் கண்டால்தான் ஓடும். தண்ணீர் உச்சத்தில் இருக்கும்போது காய்ந்த திட்டில் கூட்டமாக ஒதுங்கி நிற்கிற பறவைகளைத் தயவுசெய்து கிளப்பாதீர்கள். கூட்டம் மொத்தமாக எழும்பினால் படம் அழகாகத்தான் வரும். ஆனால் சிலது அப்போதுதான் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து உட்கார்ந்திருக்கும். படத்துக்காகக் கூட்டத்தை நோக்கிக் கல் எறிந்த ஒருவரை நேரிலேயே பார்த்திருக்கிறேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே அச்சிட முடியாது.

கேள்வி: கோலாலம்பூரில் இருந்துகொண்டு கடல் கொக்கு பார்க்க எங்கே போவது? கூட்டாகச் சேர்ந்து போக வழி உண்டா?
– வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா. மலேசிய இயற்கைச் சங்கம் 1987 முதல் பல வருடம் பார்த்துக்கொண்ட இடம். சதுப்புக் காடும் குளமும் ஒட்டியே இருக்கும், பெரிய கொக்கு, சின்னக் கொக்கு, சாம்பல் நாரை எல்லாம் ஒரே காலையில் கிடைக்கும். பெரிய கொக்கை அதன் வாயை வைத்துக் கண்டுபிடியுங்கள், வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடும், எப்போதும் லேசாகச் சிரிக்கிற மாதிரி. சேற்றுக் கரை வேண்டும் என்றால் அங்கிருந்து தெற்கே ஜெராம் பக்கம். மதியச் சாப்பாட்டுக்கு மீன் கடையும் உண்டு, அதனால் குடும்பத்தை இழுத்துப்போவதும் சுலபம்.

கூட்டாகச் சேர்ந்து போக வழி கேட்டீர்களே, அந்தச் சங்கமே ஒவ்வொரு ஜனவரியும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை இங்கே ஒருங்கிணைக்கிறது. 1987-இல் ஆரம்பித்த கணக்கெடுப்பு அது. புதியவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள், எண்ணத் தெரிந்தால் போதும். முதல் தடவை போகிறவர்களுக்கு நோட்டுப் புத்தகத்தில் கோடு போடுகிற வேலைதான் கிடைக்கும். அதையே செய்யுங்கள். பக்கத்தில் நிற்கிறவர் 'சின்னது, சின்னது, சின்னது, இரு இரு, அது என்ன கால்?' என்று முணுமுணுப்பார், அந்த முணுமுணுப்பைக் கேட்டுத்தான் நானும் கற்றுக்கொண்டேன்.

கேள்வி: சின்ன வயதில் தோட்டத்தில் கொக்குக் கூட்டம் தலைக்கு மேல் போனால் நகத்தைக் காட்டிக்கொண்டு "கொக்கே கொக்கே பூப்போடு" என்று கத்துவோம். நகத்தில் வெள்ளைப் புள்ளி விழும் என்று நம்பினோம். இப்போது பேத்திக்குச் சொன்னால் சிரிக்கிறாள். கொக்கு இன்னும் அப்படிக் கூட்டமாகப் போகிறதா?
– பாட்டி, நிபோங் திபால்

பதில்: போகிறது, பாட்டி. நகத்தில் விழும் வெள்ளைக்கும் கொக்குக்கும் சம்பந்தமில்லை, அதைப் பேத்தியிடம் ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கூட்டம் எங்கே போகிறது என்று அவளைக் கேளுங்கள், அதற்கு அவளிடம் பதில் இருக்காது. பகல் முழுக்க வயலிலும் கரையிலும் தனித்தனியாக மேய்ந்த கொக்குகள் பொழுது சாயும்போது ஒன்று சேர்ந்து ஒரே மரக்கூட்டத்துக்குத் தூங்கப் போகும். உங்கள் ஊரில் வயலும் உண்டு, செம்பனையும் உண்டு, ஆறும் உண்டு. ஏழு மணி வாக்கில் இரண்டு பேரும் வாசலில் நாற்காலி போட்டு உட்காருங்கள். எந்தத் திசையிலிருந்து வந்தது, எந்தத் திசைக்குப் போனது, எத்தனை, மணி என்ன, அவளை எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரம் எழுதி அனுப்பினால் அவை எந்த மரத்தில் தூங்குகின்றன என்று நானே வந்து தேடிப் பார்க்கிறேன். நகத்தைக் காட்டுவதையும் விட வேண்டாம்.